கை படாத ரொட்டி

என்னைத் தூங்குமூஞ்சி என்று சொல்லாதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. பிறந்த வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய், தொட்டியோரம் நின்றபடியே கண்ணயர்ந்தவள் நான். புகுந்த வீட்டுக்கு அந்தப் பெயர் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அதனால் நான் சொல்வதில் எது நடந்தது, எது அரைத்தூக்கத்தில் கண்டது என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரு நாள் முற்பகல் மட்டும் நான் நன்றாக முழித்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பதுகளின் நடுவில் கோயமுத்தூரைச் சுற்றிக் கம்பிகளில் மின்சாரம் ஓடத் தொடங்கியிருந்தது. எங்கே திரும்பினாலும் மில்லுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். என் வீட்டுக்காரரின் பங்காளிகள் பருத்தியில் வந்ததை மில்லில் போட்டார்கள். இவர் மட்டும் ரொட்டி என்றார். அந்தக் காலத்தில் ரொட்டி காய்ச்சல்காரன் சாப்பாடு. டாக்டர் சொன்னால்தான் வீட்டுக்குள் வரும். பாலில் முக்கிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார்கள்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் காய்ச்சல் வரோணும்னு வேண்டிக்கறதுங்களா?" என்று நானே கேட்டேன்.

"காய்ச்சல் வேண்டாம் அம்மணி. மில்லுச் சங்கு ஊதினாப் போதும்" என்றார்.

அவர் பார்த்ததை நான் பிறகுதான் பார்த்தேன். ஷிப்டு மாறும் நேரத்தில் மில் வாசலில் ஆறு திறந்துவிட்டது போல ஆட்கள் வருவார்கள். வீட்டில் உலை வைக்க நேரமில்லாதவர்கள். மில்லுக்கு எதிரே டீக்கடைகள் முளைத்திருந்தன. டீயோடு கடிக்க ஏதாவது வேண்டும். வடை சுடச்சுடப் போட்டால்தான் உண்டு. முறுக்குக்குப் பிழிகிறவள் கை ஓய்ந்துபோகும். பன் அப்படியில்லை. ஒரே வேக்காட்டில் நூறு வெந்துவிடும், மறுநாளும் மெத்தென்று இருக்கும். "இனிமேப் பசியும் ஷிப்டு பார்த்துத்தான் வரும்" என்பார் அவர்.

ரொட்டி போடத் தெரிந்த ஆள் கிடைத்த கதையை அவர் நூறு முறை சொல்லியிருப்பார். எனக்கு நானே அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது போலத்தான் இப்போது இருக்கிறது. வால்பாறையிலிருந்து இறங்கும் பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் கொதித்து நின்றுவிட்டது. மூட்டமென்றால் மூட்டம், பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. அந்த முகம் தெரியாத ஆள் துணி மூட்டையை அவிழ்த்து, ஒரு ரொட்டியைப் பிய்த்து, பாதியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். இவர் வாங்கித் தின்றார். நீங்க யாருங்க, எந்தூருங்க என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்குவார்கள். இவர் தின்று முடித்த பிறகுதான் கேட்டாராம்.

அந்த ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். எங்கள் தோட்டங்காட்டில் பரம்பரையாகக் கூலி வேலை செய்தவர்களைப் போன்ற ஒரு குடும்பம். அப்பா காலத்தில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகி, எஸ்டேட்டுக்கு மலையேறியவர்கள். அவர் துரை பங்களாவின் பின்கட்டில் இருபது வருஷம் ரொட்டி சுட்டிருக்கிறார். அதைத் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுபோனது வேறொருவர். ரொட்டி பிரமாதம் என்று துரைமார் சொன்னதெல்லாம் அந்தத் தட்டுக்காரருக்குத்தான் போயிற்று.

"வாரனுங்க பண்ணாடி" என்றாராம், என் வீட்டுக்காரர் வேலைக்குக் கூப்பிட்டதும். பண்ணாடி என்றால் எங்கள் பக்கத்தில் முதலாளி. "ஆனா ஒண்ணுங்க. அடுப்பு ரோட்டைப் பார்த்து இருக்கோணும். நானு முன்னால நின்னு சுடோணும். பின்கட்டு மட்டும் எனக்கு வேணாமுங்க."

சம்பளம்கூட அதற்கப்புறம்தான் பேசினார்களாம். இவர் சரி என்று வாக்குக் கொடுத்தார்.

அதன்படியே அவிநாசி ரோட்டின் மேல் எங்கள் கொட்டகை எழுந்தது. முன்பக்கம் இடுப்பளவு சுவர், அதற்கு உள்ளே செங்கல் அடுப்பு, அடுப்பின் வாய்க்கு முன்னால் மேஸ்திரி. அவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். வெள்ளை வெளேரென்று மேல்துணி கட்டிக்கொண்டு, நீளத் துடுப்பைப் பிடித்து நிற்பார். ஒரு சிட்டிகை மாவை அடுப்புத் தரையில் வீசுவார். அது பொன்னிறமாக எத்தனை மூச்சு ஆகிறது என்று பார்ப்பார். அதுதான் எங்களுக்குச் சூட்டுமானி. வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவர் யாரையும் பார்க்காதது போல ரொட்டியை வெளியே இழுப்பார். ஆனால் பார்க்கிறார்கள் என்பது அவர் முதுகுக்குத் தெரியும்.

ஊரில் மற்றவர்கள் மாவைப் பொங்க வைக்கக் கள்ளு ஊற்றினார்கள். எங்கள் வீட்டில் கள்ளு வாடை ஆகாது. மேஸ்திரி உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரும் சர்க்கரையும் மாவும் கலந்து, ஒரு மண்சட்டியில் நாலைந்து நாள் வைத்துப் புளிக்கவிட்டு, அதிலிருந்து முதல் மாவைப் பிசைந்தார். அப்புறம் தினமும் பிசைந்த மாவில் ஒரு உருண்டையை எடுத்து அந்தச் சட்டியில் வைத்து ஈரத்துணி மூடுவார். மறுநாள் மாவை அந்த உருண்டைதான் பொங்க வைக்கும். அதிலிருந்து மறுபடி ஒரு உருண்டை. மோருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதானே என்று நான் அதற்கு உறைமாவு என்று பேர் வைத்தேன். அதற்குத் தண்ணீர் தெளித்து மூடி வைக்கிற வேலையை மட்டும் அவர் எனக்குக் கொடுத்தார். தூங்குமூஞ்சிக்கு ஏற்ற வேலைதான். அதுவும் தூங்கிக்கொண்டேதான் வளர்ந்தது.

அடுத்த வருஷம் மிஷின் வந்தது. பம்பும் மோட்டாரும் செய்கிற பட்டறையில் சொல்லி வார்த்தது. ஆள் உள்ளே உட்காரலாம் போல ஒரு இரும்புத் தொட்டி, நடுவில் சுழலுகிற இரண்டு இரும்புக் கைகள், மேலே ஒரு தண்டு, மோட்டாரிலிருந்து அதற்குத் தோல் பெல்ட்டு. சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சுவிட்சைப் போட்டார்கள். என் நாத்தனார் இதில் தோசைக்கு அரைக்கலாமா என்று கேட்டாள். பட்டறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான்கு பேர் அரை நாள் பிசைவதை அது கால் மணியில் பிசைந்தது. மேஸ்திரிக்கு அதன் மேல் கோபமோ பொறாமையோ கிடையாது. அதன் இரும்புக் கையைத் துணியால் துடைத்துவிடுவார். "நல்ல வேலைக்காரனுங்க. எப்ப நிறுத்தோணும்னுதான் அவனுக்குத் தெரியாது" என்பார். மிஷின் ஓட ஓட மாவில் சூடு ஏறும். அவர் நடுவில் கையை நீட்டி ஒரு பிடி எடுத்து இழுத்துப் பார்ப்பார். ஜவ்வு போல விரிந்து வெளிச்சம் தெரிந்தால் "போதுமுங்க" என்பார். நான் சுவிட்சை அணைப்பேன்.

எனக்கு வாழ்நாளில் மிகவும் பிடித்த சத்தம் அந்த மோட்டார் சத்தம்தான். மத்தியானத்தில் ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக வெயில் இறங்கும். அதில் மாவுத்தூள் மிதந்துகொண்டே இருக்கும், கீழே விழவே விழாது. அடுப்புச் சூடும் வெந்த வாசனையும் மோட்டாரின் ஒரே சுருதியும் சேர்ந்து என்னைக் கோணிப்பை அடுக்கின் மேல் சாய்த்துவிடும். கண்ணைத் திறந்தால் மேஸ்திரி முன்னால் நிற்பார், அவருக்கு அப்பால் ரோடு, வண்டிகள், வெள்ளையாக வானம். திரும்பக் கண்ணை மூடிக்கொள்வேன். அதைவிட சந்தோஷமான காலம் எனக்கு இருந்ததில்லை.

பன் டீக்கடைகளுக்குக் கூடைகூடையாகப் போயிற்று. ஆனால் எங்கள் சொந்தபந்தங்களின் வீட்டுக்குள் மட்டும் எங்கள் ரொட்டி நுழையவில்லை. யாரும் ஏன் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எதையும் நேராகச் சொல்லுகிற வழக்கம் கிடையாது. நீட்டினால் "இப்பத்தானுங்க சாப்பிட்டோம்" என்பார்கள். விடிந்ததும் நீட்டினாலும் இப்பத்தான் சாப்பிட்டிருப்பார்கள். சாயங்காலம் நீட்டினாலும் அப்படியே. அவர்கள் ரோட்டிலிருந்து யாரைப் பார்த்துவிட்டு வயிறு நிறைந்தவர்கள் ஆனார்கள் என்பது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

ஒரு நாள் அவர் சீமை பிஸ்கோத்து டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த டப்பா மட்டும் அதே வீடுகளில் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டி, "இதையே நம்ம தமிழ்ல போர்டுல எழுது அம்மணி. உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்குது" என்றார்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எழுத்து அழகு என்று யாராவது சொன்னால் போதும், கிணற்றில் குதிக்கச் சொன்னாலும் எழுதிவிட்டுத்தான் குதிப்பேன். நீலச் சாயம் கரைத்து, பலகையில் எழுதினேன்: கை படாமல் மிஷினில் செய்த சுத்தமான ரொட்டி. படுதா மாதிரி நீளமான பலகை. எழுத ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன எழுதுகிறேன் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் னகரத்தின் சுழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி வந்து பக்கத்தில் நின்று படித்தார். முழங்கை வரை மாவு அப்பியிருந்தது. மெதுவாக, எழுத்துக் கூட்டி, கடைசி வரை படித்தார்.

"எழுத்து நல்லா இருக்குதுங்க அம்மணி" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பு வருகிறது.

பலகை ஏறிய மாதமே, இப்பத்தான் சாப்பிட்டவர்களுக்கெல்லாம் பசிக்கத் தொடங்கியது. மெழுகுத்தாளில் அதே வாசகத்தை அச்சடித்துச் சுற்றினோம். அப்புறம் பெரிய இடத்திலிருந்து ஆள் வந்தது. பக்கத்து மில்லில் இரண்டு ஷிப்டுக்கும் டீயோடு கொடுக்கத் தினமும் பன், மில்காரர் வீட்டுக்கு ரொட்டி. ஆனால் மில் வீட்டு அம்மா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். தான் ஒரு தடவை நேரில் பார்த்த பிறகுதான் எதுவும் என்று சொல்லியனுப்பினார்.

அவர் வருகிற அன்று காலை என் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் போனார். எங்கள் ஊர் மரியாதையில் ஒரு வசதி உண்டு. ஒருத்தர் கழுத்தை அறுக்கும்போதுகூட ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்ளலாம்.

"மேஸ்திரி, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு மட்டும் பின்னால விறகுக் கொட்டாயில இருந்துக்கறீங்களா? அவிய வந்து போற மட்டுந்தானுங்க."

மேஸ்திரி துடுப்பைச் சுவரில் சாய்த்தார். "ஒரு நாளைக்குங்களா?"

"ஒரே நாளைக்குத்தானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அடுப்பு ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்ட வாக்கு எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் உறைமாவுச் சட்டிக்குத் தண்ணீர் தெளிக்கக் குனிந்தேன். அதற்கு ஏற்கெனவே தெளித்தாயிற்று. அவர் போய்விட்டார்.

முற்பகலில் மில் வீட்டு அம்மா வந்தார். கூடவே மில் மேனேஜர். நாற்காலி போட்டோம். அம்மா நல்ல மாதிரி, கலகலப்பாகப் பேசுகிறவர். மாவும் உப்பும் தண்ணீரும் உறைமாவும் தொட்டிக்குள் விழுந்தன. நான் சுவிட்சைப் போட்டேன். இரும்புக் கைகள் சுழன்றன. "அட, ஒரு ஆளும் வேண்டியதில்லை போல இருக்குதே" என்று அம்மா வியந்தார். பின்கட்டில் விறகு பிளக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரிக்கு சும்மா உட்காரத் தெரியாது.

ஐந்து நிமிஷம் ஓடியிருக்கும். பெல்ட்டு தையலில் பிய்ந்து, பாம்பு மாதிரி சுழன்று கீழே விழுந்தது. மிஷின் நின்றது. என் வீட்டுக்காரர் பெல்ட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு சைக்கிளில் பறந்தார். தொட்டிக்குள் மாவு பாதி கட்டியும் பாதி கூழுமாக, எதற்கும் ஆகாமல் கிடந்தது. உறைமாவு முழுவதும் அதற்குள் போயிருந்தது. அந்த மாவு கெட்டால் நாளைக்கு ரொட்டி இல்லை; நாளைக்கு மாவைப் பொங்க வைக்கவும் ஒன்றுமில்லை.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாமுங்களா?"

ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். பத்தடி தூரம். மேஸ்திரி, வாங்க என்று ஒரு வார்த்தை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் ஒரு துளி இல்லை. விறகு பிளக்கிற ஒவ்வொரு அடியும் காதில் விழுந்தது. நான் கூப்பிடவில்லை. வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டேன்.

"கை படாதுன்னு வெளிய போட்டிருக்குதுங்களே?" என்றார் மேனேஜர், சிரித்துக்கொண்டே.

"அட, அம்மணி கைதான. நம்ம ஊட்டுக் கைக்கு என்னங்க?" என்றார் அம்மா. "அந்தக் கையில ரெண்டு ரொட்டி சேர்த்துக் குடு கண்ணு. நானு ருசி பார்க்கோணும்."

பின்கட்டில் விறகுச் சத்தம் நின்றது.

அவர்கள் போகும்போது தினப்படி எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி ரோட்டில் ஏறிய சத்தம் ஓய்ந்த பிறகு மேஸ்திரி விறகுக் கொட்டகையிலிருந்து வந்தார். வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். எப்போதும் பாதி வழியிலேயே கையை நீட்டிவிடுகிற மனிதர், அன்றைக்கு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாவு இன்னும் பதம் பத்தலைங்க."

"எனக்கு அவ்வளவுதான் வந்துது மேஸ்திரி."

கண்ணாடி வழியாக வெயில் அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. அப்புறம் கேட்டார்: "நானு தொடட்டுங்களா அம்மணி?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் தொட்டியில் அதுவரை பிசைந்த மாவு எல்லாம் அவர் தொட்டது. நான் அழுதுவிடுவேன் என்று பயந்து, அவசரமாக, "தொடுங்க" என்றேன். நல்ல வார்த்தை சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் புரிந்தது, உத்தரவு கொடுத்துவிட்டேன் என்று.

அவர் பிசைந்தார். அந்த மாதிரி ஒரு மாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு உருண்டை எடுத்து மண்சட்டியில் வைத்து, ஈரத்துணி மூடி, என் பக்கமாகத் தள்ளினார். மறுநாள் விடிகாலையில் மில்லுக்குக் கூடைகள் போன பிறகு, மேல்துணியை மடித்து அடுப்புத் திண்டின் மேல் வைத்தார்.

என் வீட்டுக்காரர் எவ்வளவோ கெஞ்சினார். இனி ஒரு நாளும் அப்படிச் சொல்ல மாட்டேன் என்றார். அவர் சத்தியமாகத்தான் சொன்னார்.

"உங்க மேல வருத்தமில்லீங்க பண்ணாடி. முன்னால நிக்கலாம்னுதானுங்க இறங்கி வந்தேன்" என்றார் மேஸ்திரி. என்னிடம், "சட்டியக் காய விட்டராதீங்க அம்மணி. வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நடந்தார்.

பலகையை அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். ஒரு முறைதான் சொன்னேன். மில் ஆர்டர் போய்விடும் என்றார் என் வீட்டுக்காரர். நான் மறுபடி சொல்லவில்லை. அடுப்புக்கு வேறு ஆள் வந்தார், முன்சுவரை உயர்த்திக் கட்டினோம். இரண்டாவது மிஷின் வந்தது, பிஸ்கோத்துக்கு அச்சு உருளை வந்தது. காய்ச்சல் இல்லாதவர்களும் காலையில் ரொட்டி தின்பது ஊர்வழக்கம் ஆகிவிட்டது. நாங்கள் நன்றாகவே இருந்தோம்.

சட்டியை நான் காய விடவில்லை. அவர் வைத்துவிட்டுப் போன உருண்டை மறுநாள் மாவில் கலந்தது. அதிலிருந்து எடுத்தது அதற்கடுத்த நாள் மாவில். ஒரு நாள் விட்டுப்போகவில்லை. எங்கள் மெழுகுத்தாளில் சுற்றி ஊருக்குள் போன ஒவ்வொரு ரொட்டிக்குள்ளும் அவர் கை பட்ட மாவு இருந்தது. இப்பத்தான் சாப்பிட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் தினமும் சாப்பிட்டார்கள்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் மில் வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கெங்கயோ வாங்கிப் பார்த்தாச்சு கண்ணு. உங்க ரொட்டி ருசி எதுலயும் இல்ல. யாரு கைப்பக்குவம் அது?"

நாயனச் சத்தத்தில் கேட்காதது போல நின்றேன். அவர் விடாமல் மறுபடி கேட்டார்.

"மிஷினுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பட்டுச்சேலைகூட மாற்றாமல் கொட்டகைக்குப் போய், சட்டியின் துணியை எடுத்துப் பார்த்தேன். மாவு பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. தண்ணீர் தெளித்து மூடி வைத்தேன்.